ஒரு கண்டலுக்கு மூன்று பெயர்

போன வாரம் இந்த இடத்தில் என் பத்தி வரவில்லை. பதிலுக்கு ஒரு தையல் மெஷின் விளம்பரம் வந்திருந்தது. என் எழுத்தைவிட அது பயனுள்ளதுதான், மறுக்கவில்லை.

ஆனாலும் சிலர் விடவில்லை. மீன் சந்தையில் ஒருவர், பாடசாலை வாசலில் ஒருவர் — "என்ன டீச்சர், எழுதேல்லை? சுகமில்லையோ?"

எனக்குச் சுகம்தான்.

எழுதி அனுப்பவேண்டிய நாளில் நான் நிலாவெளி றோட்டு ஆமிச் சென்றியில், அந்தச் சோதனைச்சாவடி வாசலில், ஒரு மண்மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என் மகன் இருந்தான்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்லப் பார்க்கிறேன். ஒழுங்கு தவறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்... இன்னும் பேனை சரியாகப் பிடிபடவில்லை.

என் மகன் சுதனுக்குப் பதினைந்து வயது. அடையாள அட்டை எடுக்கும் வயது வரவில்லை. ஆனால் ஆள் என்னைவிட ஒரு சாண் உயரம். அவனுக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. இரத்தம் உறையாத வருத்தம். ஹீமோபீலியா என்று பெயர். எங்கேயாவது இடித்தால் உள்ளுக்குள் இரத்தம் கசியும், நிற்க நாளெடுக்கும். முதல் நாள் பின்னேரம் சாப்பாட்டு மேசைக் கதிரையில் முழங்காலை இடித்துக்கொண்டான். காலையில் காலை மடக்க முடியவில்லை. திருகோணமலை ரவுண் ஆசுப்பத்திரியில் பிளாஸ்மா வந்திருக்கிறது என்று சொன்னார்கள். அதை ஏற்றத்தான் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம்.

சென்றியில் வழக்கம்போல எல்லோரும் இறங்கி, வரிசையில் நடந்து, மறுபக்கத்தில் ஏறவேண்டும். சுதன் நொண்டி நொண்டி நடந்தான். நொண்டுகிற உயரமான பையன்... வேறென்ன வேண்டும்?

சிப்பாய் சின்னப் பையன். சுதனைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். சட்டைக் கையை மடிக்கச் சொன்னான். பிறகு களிசானை உயர்த்தச் சொன்னான்.

ஏன் முழங்கால்? உள்ளூர் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வரி. காட்டில் ஊர்ந்து இயக்கப் பயிற்சி எடுத்தவனுக்கு முழங்காலிலும் முழங்கையிலும் தழும்பு இருக்கும் என்பது அவர்களுடைய கணக்கு. அதனால் எங்கள் பையன்களின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. முழங்காலைப் பார்க்கிறார்கள்.

சுதனின் முழங்கால் பனங்காய் போல வீங்கி, இடித்த இடம் நாவற்பழ நிறத்தில் இருந்தது. முழங்கையில் இரத்தம் கட்டிய பழைய கண்டல் ஒன்று மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

"மே மொகத?" என்றான் சிப்பாய். இது என்ன என்று அர்த்தம்.

"கதிரையிலை இடிச்சது," என்றான் சுதன்.

கதிரையில் இடித்தால் இப்படி வருமா? எந்தச் சிப்பாய் நம்புவான்? அவன் சுதனின் மேல்கையை இறுக்கிப் பிடித்து உள்ளே கொண்டுபோனான். நான் பின்னால் போகப் பார்த்தேன். துவக்கு ஒன்று குறுக்கே வந்தது. மரியாதையாகத்தான் வந்தது.

பஸ்ஸில் எல்லோரும் ஏறிவிட்டார்கள். கொண்டக்டர் மட்டும் இறங்கி என்னிடம் வந்தார். பல வருடங்களாக எங்களை ஏற்றி இறக்குகிறவர்.

"ஏன் டீச்சர் இவனை இவ்வளவு உயரமா வளர்த்தனீங்கள்? கொஞ்சம் கட்டையா வளர்த்திருக்கலாமே."

"தண்ணி ஊத்தாமல் விட்டிருக்க வேணும்," என்றேன். வாய் தானாகப் பேசியது.

"பயப்பிடாதேங்கோ. உங்கட முகத்தைப் பாத்தாலே வாய்ப்பாடு கேக்கிறவ எண்டு தெரியும். விட்டிடுவாங்கள்." கொஞ்ச நேரம் பஸ்ஸைச் சுற்றி வந்து, டயரை உதைத்து, நேரத்தை இழுத்துப் பார்த்தார். டிரைவர் ஹோர்ன் அடித்தார். பஸ் போய்விட்டது.

அதன்பிறகு ஒரு அதிகாரி வந்தார். ஆங்கிலம் பேசினார். என்னை உள்ளே கூப்பிட்டார். சுதன் ஒரு பெட்டியின் மேல் காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தான். நான் நோயின் பெயரைச் சொன்னேன். விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்படி ஒரு நோயை நான் கேள்விப்பட்டதில்லை. எப்படி நிரூபிப்பீர்கள்?"

யோசித்துப் பாருங்கள். இரத்தம் நிற்காத நோயை எப்படி நிரூபிப்பது? ஒரேயொரு வழிதான் இருக்கிறது. அந்த வழியை அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். இருவர் முகத்திலும் அது தெரிந்தது. இருவருமே சொல்லவில்லை.

அப்போதுதான் சுதனின் கையைப் பார்த்தேன். சிப்பாய் பிடித்துக்கொண்டு வந்த இடத்தில் நான்கு விரல்களும் ஒரு பெருவிரலும் அச்சு அச்சாகக் கறுத்து எழும்பியிருந்தன.

"உங்கள் ஆளின் கை," என்றேன். "வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்."

அதிகாரி சிப்பாயைக் கூப்பிட்டார். அவன் விரல்களை அந்த அடையாளத்தின் மேல் வைத்தான். அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். பாவம், அவனும் பயந்துவிட்டான். தான் அவ்வளவு பலமாகப் பிடிக்கவில்லை என்று அவனுக்குத் தெரியும்.

"போகலாம்," என்றார் அதிகாரி. "டொக்டரிடம் சிங்களத்தில் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். அடுத்த முறை இந்த இடத்தில் நான் இருப்பேன் என்றில்லை."

என் பிள்ளை குற்றமற்றவன் என்பதற்குக் கிடைத்த சாட்சி — இன்னொரு காயம்.

வெளியே பஸ் இல்லை. கரைவலை மீன் ஏற்றிய லொறி ஒன்று வந்தது. டிரைவர் சுதனின் காலைப் பார்த்தார். கேள்வி கேட்கவில்லை. பின்னுக்குப் போய் ஒரு சாக்கில் ஐஸ் உடைத்துக்கொண்டுவந்து முழங்காலைச் சுற்றிக் கட்டிவிட்டார்.

"மீன் மணக்கும் டீச்சர், பரவாயில்லையோ?"

"பரவாயில்லை."

"ரவுணிலை இறக்கேக்கை ஆரும் விலை கேட்டாக் குடுத்திடாதேங்கோ. இந்த நீளத்திலை இண்டைக்கு ஒரு மீனும் படேல்லை."

சுதன் சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு ஆசுப்பத்திரி வரும்வரைக்கும் அழுதேன்.

பிளாஸ்மா ஏற்றினார்கள். வீக்கம் வற்றிக்கொண்டிருக்கிறது. அவன் தேறிவிடுவான், இந்த முறை.

இது என்ன நோய், எங்கேயிருந்து வந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். சில மாதங்களுக்கு முன் சுதனுக்கு ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். இரத்தம் நிற்கவில்லை. பஞ்சு வைத்தோம், மாற்றினோம், தலையணை நனைந்தது. இங்கே இரத்தம் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெண் டொக்டர், யாழ்ப்பாணத்துப் பேச்சு. சோதனைகள் எல்லாம் முடித்து என்னை முன்னால் இருத்திக் கேட்டார்.

"அம்மா, உங்கட தாய்வழியிலை ஆருக்கும் இப்பிடி இருந்ததோ? மாமன்மார், சகோதரங்கள்?"

"ஒரு தம்பி இருந்தவன்."

"இருந்தவன் எண்டா?"

எங்கள் பக்கத்தில் 'இருந்தவன்' என்று சொன்னால் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. அது ஒரு மரியாதை. ஆனால் கேட்கவேண்டியது அவருடைய வேலை.

"எப்பிடிச் செத்தவர்?"

"செத்ததோ எண்டு தெரியாது."

அவர் பேனையைக் கீழே வைத்தார். பிறகு, நான் பாடம் படிப்பிக்கிறவள் என்று அறிந்தோ என்னவோ, ஒரு பாடம் நடத்தினார்.

"ஒரு வீட்டிலை ரெண்டு லாம்பு இருக்குதெண்டு வையுங்கோ. பொம்பிளைப் பிள்ளைக்கு அப்பிடித்தான். ஒண்டு தாய் குடுத்தது, மற்றது தகப்பன் குடுத்தது. ஒண்டு பழுதெண்டாலும் மற்றது எரியும். வெளிச்சம் இருக்கிறபடியால் பழுதான லாம்பு ஒண்டு இருக்கெண்டே தெரியாது. ஆம்பிளைப் பிள்ளைக்கு ஒரு லாம்புதான். அது தாய் குடுக்கிறது. தகப்பன் குடுக்கிறது வேறை சாமான். அதுதான் அவனை ஆம்பிளை ஆக்கிறது, ஆனா எரியாது."

"அப்ப இது நான் குடுத்தது."

"நீங்கள் தெரிஞ்சு குடுக்கேல்லை."

"தெரியாமல் குடுத்தாலும் குடுத்ததுதானே."

"ரெண்டு லாம்பிலை எது போகுதெண்டு ஆரும் தேர்ந்தெடுக்கிறேல்லை அம்மா. ஒவ்வொரு பிள்ளைக்கும் காசு சுண்டுற மாதிரி."

சுதனுக்குச் சுண்டிய காசு பூவாக விழவில்லை. என் மகள் தர்சினிக்கு எப்படி விழுந்தது? தெரியாது. "அவவுக்கு ஒண்டும் செய்யாது," என்றார் டொக்டர். "அவவுக்குப் பொடியன் பிறக்கேக்கைதான்..." வசனத்தை முடிக்கவில்லை. தர்சினிக்குப் பன்னிரண்டு வயது. இப்போதைக்குப் பட்டம் விடுவதுதான் அவளுடைய கவலை.

கிழக்கில் வீடு பெண் வழியாகத்தான் இறங்கும். தாய் மகளுக்குச் சீதனமாகக் கொடுப்பாள். அவள் தன் மகளுக்குக் கொடுப்பாள். நாங்கள் இருக்கிற வீடு அம்மாவின் சீதனம், பிறகு என் சீதனம், நாளைக்குத் தர்சினியுடையது. வீட்டோடு சேர்ந்து இதுவும் இறங்கியிருக்கிறது. உறுதிப் பத்திரம் எழுதவில்லை, சாட்சிக் கையெழுத்து இல்லை. ஆனால் தவறாமல் வந்து சேர்ந்திருக்கிறது. வாழ்வது பெண்கள். விலை கொடுப்பது பையன்கள்.

என் கணவரின் அக்கா விஷயம் கேள்விப்பட்டு வந்தா. பலகாரத்தோடு வந்தா. "எங்கட பக்கத்திலை இப்பிடி ஒண்டும் இல்லையே மச்சாள்," என்றா.

மச்சாள் சொன்னது முழுக்கச் சரி. இருபது வருடத்தில் முதல் முறை. விஞ்ஞானமே அவர்கள் பக்கம் நிற்கும்போது நான் என்ன சொல்ல?

தம்பிக்கு வருகிறேன். அவன் பெயர் பாலன்.

பையன்கள் வீட்டைவிட்டுக் காணாமல் போகத் தொடங்கிய காலம் அது. சாப்பிட்டுவிட்டுக் கைகழுவப் போனவன் திரும்பி வராத வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தன. எல்லாப் பெற்றோரும் எல்லாப் பிள்ளைகளையும் சந்தேகக் கண்ணோடு பார்த்தார்கள். பாலனுக்குப் பத்தொன்பது வயது. உடம்பில் அடிக்கடி கண்டல். சில நாட்களில் நொண்டுவான். சில நாட்களில் பள்ளிக்கூடம் போகமாட்டான். களிசான் விளிம்பில் மணலோடு பொழுதுபட வந்து சேருவான்.

இதற்கெல்லாம் அன்றைக்கு ஒரேயொரு அர்த்தம்தான் இருந்தது. ரகசியமாகப் பயிற்சிக்குப் போகிறான்.

அப்பா கிணற்றடியில் வைத்து அவனைக் கேட்பார். "எங்கை போட்டு வாறாய்?"

"ஒரு இடமும் போகேல்லை அப்பா. பள்ளிக்கூட வாங்கிலை இடிச்சது."

"வாங்கிலை இடிச்சா இவ்வளவு வருமோ?"

"எனக்கு வருது."

"மண் எங்காலை வந்தது?"

"கடல் கரையிலை இருந்தனான். தண்ணியிலை காலை வைச்சா நோ குறையுது."

அப்பா நம்பவில்லை. அம்மா நம்பவில்லை. ஊர் நம்பவில்லை. நொண்டினால் அப்பா அவனை முறிவு நெரிவுப் பரியாரியாரிடம் இழுத்துக்கொண்டு போவார். அங்கே எண்ணெய் போட்டு உருவி, மடக்கி நிமிர்த்துவார்கள். அது அவனுக்கு உயிர் போகிற வேதனை. அதனால்தான் மறைத்தான். மறைத்ததால் சந்தேகம் கூடியது.

கொழும்பு டொக்டர் சுதனைப் பற்றிச் சொன்ன புத்திமதிகள் இவை: உருவக்கூடாது. டிஸ்பிரின் கொடுக்கக்கூடாது. அடிபட்டால் உடனே குளிர வையுங்கள்.

குளிர வையுங்கள்... என் தம்பிக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தானாகக் கண்டுபிடித்து, கடலுக்குள் முழங்காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

ஒரு சுற்றிவளைப்பில் பாலனைக் கொண்டுபோனார்கள். யார் என்று எழுதவில்லை; எங்கள் ஊரில் அந்த வினைச்சொல்லுக்கு எழுவாய் தேவைப்படுவதில்லை. மைதானத்தில் எல்லாப் பையன்களையும் இருத்தி, முழங்காலும் முழங்கையும் பார்த்து, பிரித்தார்கள். சுதன் அப்போது தொட்டிலில். பாலன் தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தான். லொறி போய்விட்டது.

அதன்பிறகு அப்பா கட்டிய கணக்கு இது: பொடியன் ஏதோ செய்திருக்கிறான். செய்திருந்தால் விசாரணை. விசாரணை என்றால் சிறை. சிறை என்றால் ஒருநாள் விடுதலை. யாரையோ விடுகிறார்களாம் என்று கதை வந்தால் போதும், அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போய்விடுவார். அம்மா அந்தக் கணக்கை நம்பியே கண்ணை மூடினா.

விளங்குகிறதா? மகன் குற்றவாளி என்பதுதான் எங்கள் வீட்டின் நம்பிக்கையாக இருந்தது.

அன்றைக்குக் கொழும்பில், டொக்டரின் அறையிலிருந்து எழும்பியவள், கதவடியில் நின்று ஒரு கேள்வி கேட்டேன்.

"இந்த வருத்தம் இருக்கிற ஒரு ஆளை... அடிச்சால்?"

"தலையிலை, வயித்திலை பட்டால்... மருந்து கையிலை இல்லாட்டி..." பிறகு, "உங்கட தம்பிக்கு இதுதான் இருந்ததெண்டு சோதிக்காமல் சொல்லேலாது அம்மா," என்றார்.

நல்ல மனுசி. எனக்கொரு கதவைத் திறந்து வைக்கப் பார்த்தா. ஆனால் அந்த லாம்புக் கதையையும் அவதானே சொல்லித் தந்தா.

ஊருக்கு வந்து அப்பாவிடம் சொல்லவேண்டும். எப்படிச் சொல்வது? நாட்கணக்காக ஒத்திப்போட்டேன். ஒரு பகல், சாப்பாடு முடிந்து அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்து சொன்னேன். சுதனின் நோயை மட்டும்தான் சொன்னேன். தாய்வழியாக வரும் என்று சொன்னேன். பாலனின் பெயரை எடுக்கவில்லை.

அப்பா வெற்றிலையை வாயில் போடவில்லை.

"உன்ர அம்மாவுக்கு ஒரு தமையன் இருந்தவர்," என்றார். "கிளிவெட்டியிலை வயல் பாத்தவர். இருபது வயதும் வரேல்லை. விடிய எழும்பினா முதுகிலை, தொடையிலை நீலம் நீலமா இருக்குமாம். முனி அடிச்சதெண்டு அதை விரட்டக் கழிப்புக் கழிச்சவை. கடைசியாக் கதிரறுக்கேக்கை அரிவாள் பட்டது. சின்ன வெட்டாம். நிக்கேல்லை."

"அம்மா இதைச் சொன்னதே இல்லையே."

"முனி அடிச்ச குடும்பமெண்டால் உங்களை ஆர் கட்டுவினம்? சொல்லாதையெண்டு நான்தான் சொன்னனான்."

மடித்த வெற்றிலையை விரலால் நீவினார்.

"அப்ப பொடியன் பொய் சொல்லேல்லை," என்றார்.

நான் பாக்குவெட்டியை எடுத்து அவர் பக்கம் வைத்தேன்.

"வாங்கிலை இடிச்சதெண்டுதான் சொன்னவன். கடல்லை காலை வைச்சதெண்டுதான் சொன்னவன்."

"ஓம் அப்பா."

"அடிச்சிருப்பினம்தானே."

"தெரியாது அப்பா."

"ஒரு நாளே தாங்கியிருக்க மாட்டான் எண்டுறாய்."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"நீ சொல்லாட்டி என்ன பிள்ளை," என்றார். வெற்றிலையை மடித்தபடியே தட்டத்தில் வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

குற்றவாளி என்றால் ஒருநாள் திரும்பி வருவான். நோயாளி என்றால் வரமாட்டான். என் தம்பி குற்றமற்றவன் என்று கண்டுபிடித்த அன்றைக்குத்தான் அவனை இழந்தோம்.

அதற்கடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரர் வேலியடியில் வந்து நின்றார். "ஐயா, இண்டைக்குக் கொஞ்சப் பேரை விடுறாங்களாம். வாறியளோ?"

அப்பா கதிரையைவிட்டு எழும்பவில்லை. "நீ போட்டு வா தம்பி. ஆற்றையும் பிள்ளை வந்தால் எனக்கும் சொல்லு."

யோசித்துப் பார்க்கிறேன். அம்மாவின் தமையனுக்கு முனி அடித்தது. என் தம்பிக்குப் பயிற்சித் தழும்பு. என் மகனுக்கு ஹீமோபீலியா. ஒரே குடும்பம், ஒரே கண்டல். ஒவ்வொரு காலமும் தன்னுடைய பயத்தின் பெயரை அதற்கு வைத்திருக்கிறது. வயற்கரையில் இருட்டுக்குப் பயந்த காலம் முனி என்றது. பிள்ளைகளுக்கே பயந்த காலம் பயிற்சி என்றது. சரியான பெயரைக் கண்டுபிடித்துவிட்டோமே, இனியாவது நிம்மதிதானே என்று கேட்கிறீர்களா?

சரியான பெயர் கொழும்பில் செல்லும். சென்றியில் இன்னும் பழைய பெயர்தான்.

சிங்களத்தில் கடிதம் வாங்கிவிட்டேன். பிளாஸ்திக் உறை போட்டு அவன் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். ஆனால் கடிதத்தை வாசிப்பதற்கு முன் கை நீளுமே... பேசாமல் கொழும்புக்கு அனுப்பிவிடுங்கள், மருந்தும் அங்கேதானே என்கிறார்கள். அனுப்பலாம். போகிற வழியெல்லாம் சென்றி. போய்ச் சேர்ந்தால் லொட்ஜில் பொலிஸ் செக்கிங். அங்கே அவன் நோயாளியாக இருக்கமாட்டான். திருகோணமலையிலிருந்து வந்த நொண்டுகிற பையனாக இருப்பான். வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கலாம் என்கிறார் என் கணவர். எத்தனை வருடம்? வீட்டுக்குள் கதிரை இல்லையா?

முந்தநாள் சுதன் காலைத் தலையணையில் தூக்கி வைத்துப் படுத்திருந்தான். நான் பக்கத்தில் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன்.

"அம்மா, நான் கலியாணம் கட்டினால் என்ர பொடியனுக்கும் வருமோ?"

"வராது. உன்ர பொம்பிளைப் பிள்ளையளுக்குத்தான் போகும். பொடியனுக்கு உன்னட்டை இருந்து போகாது."

"வடிவாத் தெரியுமோ?"

"டொக்டர் சொன்னவ."

"அப்ப அவன் மரத்திலை ஏறலாம்."

"ஏறலாம்."

"ஏறி விழலாம்."

"ஓம். விழலாம்."

"குடுத்து வைச்சவன்," என்றான். பிறந்தே இராத அந்தப் பையன் மீது அவனுக்கு உண்மையாகவே பொறாமை. பிறகு சிரித்துக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினான்.

இந்த நோயின் கணக்கில் நான் கேட்ட ஒரே நல்ல செய்தி இதுதான். சுதனின் ஆண்பிள்ளையிடம் இது நின்றுவிடும். ஆனால் அந்தப் பிள்ளை பிறக்கவேண்டுமென்றால் இவன் முதலில் இருபது வயதைத் தாண்டவேண்டும். எங்கள் குடும்பத்தில் இந்த லாம்போடு பிறந்த யாரும் அதைத் தாண்டியது எனக்குத் தெரியாது. பிள்ளை வளரவேண்டும் என்று நேர்த்தி வைக்கிற தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். இப்படியே நின்றுவிடட்டும், பதினைந்திலேயே நின்றுவிடட்டும் என்று கேட்டால் எந்தக் கோயிலில் ஏற்றுக்கொள்வார்கள்?

நேற்றுக் காலை அவன் கண்ணாடிக்கு முன்னால் நெடுநேரம் நின்றான். பிறகு கேட்டான், "அப்பா, உங்கட ரேசரை ஒருக்காத் தாங்கோவன்."

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் பிள்ளையின் மேலுதட்டைப் பார்த்தேன். பூனைமயிர் கறுக்கத் தொடங்கியிருந்தது.

வழித்தால் இரத்தம் நிற்காது. வைத்தால் சென்றி விடாது.